தீராத ரத்த சோகைக்குப் பின்னால் குடல் கட்டியா? 'ஜிஸ்ட்' எனும் அரிய நோயைக் கண்டறிவதும் அகற்றுவதும் எப்படி?

புதுடெல்லி: ரத்த சோகை இந்தியாவில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் குறைபாடு. 2019-21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்த சோகை உள்ளது. அதனாலேயே, ஹீமோகுளோபின் குறைந்து களைப்புடன் வரும் ஒருவருக்கு இரும்புச்சத்து மாத்திரையை எழுதிக் கொடுத்து, கீரையும் பேரீச்சம்பழமும் சாப்பிடச் சொல்லி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலானோருக்கு அதுவே போதும்.

ஆனால் மாத்திரையை நிறுத்திய சில மாதங்களில் ஹீமோகுளோபின் மீண்டும் சரிகிறது, ஓராண்டுக்குள் இரண்டு முறை ரத்தம் ஏற்ற நேர்கிறது, இடையிடையே மலம் தார் போலக் கறுத்துப் போகிறது என்றால், கேட்க வேண்டிய கேள்வி வேறு. உடலில் ரத்தம் ஏன் ஊறவில்லை என்பதல்ல, ஊறிய ரத்தம் எங்கே போகிறது என்பதுதான் அது. அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்களில் அரிதான ஒன்று, 'காஸ்ட்ரோ இன்டெஸ்டைனல் ஸ்ட்ரோமல் டியூமர்' என்ற கட்டி. மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக 'ஜிஸ்ட்' என்பர்.

ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ 10 முதல் 15 பேருக்கு இக்கட்டி ஏற்படுவதாக உலகின் பல பகுதிகளில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஓராண்டில் ஒரு லட்சம் பேரில் ஆறு பேருக்கும் குறைவானவர்களைத் தாக்கும் புற்றுநோயை அரிய புற்றுநோய் என ஐரோப்பிய நாடுகள் வரையறுத்துள்ளன. அந்த அளவுகோலில் இது அரிதினும் அரிது. ஒரு சிறு நகரத்தின் பொது மருத்துவர் தம் பணிக்காலம் முழுவதிலும் ஒன்றிரண்டு நோயாளிகளைச் சந்தித்தாலே அதிகம். ஆனால் 140 கோடிப் பேர் வாழும் நாட்டில் அரிய நோய் என்பதும் சிறிய எண்ணிக்கையைக் குறிப்பதில்லை.

குடலின் தாளத்தை வகுக்கும் செல்கள்:

இரைப்பையும் குடலும் தாமாகவே சுருங்கி விரிந்து உணவை நகர்த்துகின்றன. அதற்கான மின்துடிப்பை உண்டாக்குபவை குடல் சுவரின் தசை அடுக்குகளுக்கு இடையே வலைபோலப் பரவியிருக்கும் 'கஹால்' செல்கள். இரைப்பையில் நிமிடத்துக்கு மூன்று, முன்சிறுகுடலில் ஏறத்தாழ பன்னிரண்டு என இத்துடிப்பு ஒரு கணக்கோடு நிகழ்கிறது. இதயத்துக்கு இயல்பான பேஸ்மேக்கர் இருப்பது போல, குடலுக்கு இச்செல்கள். நரம்பு மண்டலத்தின் நுண்ணமைப்பை ஆராய்ந்து 1906ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற ஸ்பெயின் அறிவியலாளர் சாண்டியாகோ ரமோன் இ கஹாலின் பெயரே இவற்றுக்குச் சூட்டப்பட்டுள்ளது. ஜிஸ்ட் கட்டிகள் இச்செல்களிலிருந்தோ, இவற்றின் முன்னோடிச் செல்களிலிருந்தோ தோன்றுகின்றன.

நெடுங்காலம் இந்தக் கட்டிகளைத் தசைக் கட்டிகள் என்றே மருத்துவ உலகம் கருதி வந்தது. அப்படியல்ல என்று 1983ஆம் ஆண்டு மைக்கேல் மேசூர், எச். பிரென்ட் கிளார்க் ஆகிய இரு அமெரிக்க நோய்க்குறியியல் வல்லுநர்கள் சுட்டிக்காட்டினர். 1998ஆம் ஆண்டுதான் முக்கியமான திறவுகோல் கிடைத்தது. ஜப்பானின் ஒசாகாவைச் சேர்ந்த செய்ச்சி ஹிரோட்டா தலைமையிலான குழு, இக்கட்டிகளில் 'கிட்' என்ற மரபணு பிறழ்ந்திருப்பதைக் கண்டறிந்தது. செல்லின் மேற்பரப்பில் வளர்ச்சிக் கட்டளையைப் பெறும் ஒரு புரதத்தை இம்மரபணு உருவாக்குகிறது. பிறழ்வு நேர்ந்ததும், கட்டளை வராதபோதும் அப்புரதம் 'வளர், வளர்' என்று இடைவிடாமல் தூண்டத் தொடங்குகிறது. ஏறத்தாழ நான்கில் மூன்று நோயாளிகளுக்கு இதுவே காரணம். பத்தில் ஒருவருக்கு 'பி.டி.ஜி.எஃப்.ஆர்.ஏ' என்ற மற்றொரு மரபணுவில் பிறழ்வு காணப்படுகிறது. இவை பெரும்பாலும் வாழ்நாளின் நடுவே, கட்டியின் செல்களில் மட்டும் ஏற்படுபவை; பெற்றோரிடமிருந்து வருவது மிகச் சிலருக்கே.

பாதிக்கும் மேற்பட்ட ஜிஸ்ட் கட்டிகள் இரைப்பையில் தோன்றுகின்றன. மூன்றில் ஒரு பங்கு சிறுகுடலில். மலக்குடல், பெருங்குடல், உணவுக்குழாய் ஆகியவற்றில் காணப்படுபவை குறைவு. நோயாளிகளில் பெரும்பாலோர் ஐம்பது வயதைக் கடந்தவர்கள்.

எண்டோஸ்கோபியில் தப்புவது ஏன்?

நோயாளிகளையும் குடும்பத்தினரையும் மிகவும் குழப்புவது இந்த இடம்தான். எண்டோஸ்கோபி செய்தாயிற்று, சதைத் துணுக்கும் எடுத்தாயிற்று, 'இயல்பு நிலை' என்று அறிக்கையும் வந்தாயிற்று. பிறகு எப்படிக் கட்டி இருக்க முடியும்?

இரைப்பைச் சுவரை ஒரு வீட்டுச் சுவராக எண்ணிக்கொள்ளலாம். வழக்கமான இரைப்பைப் புற்றுநோய் சுண்ணாம்புப் பூச்சில், அதாவது உட்புறச் சளிச்சவ்வில் தொடங்குகிறது. எண்டோஸ்கோபியின் கேமரா காண்பதும், அதன் இடுக்கி கிள்ளி எடுப்பதும் அந்தப் பூச்சைத்தான். ஜிஸ்ட் கட்டியோ செங்கல்லுக்குள், அதாவது தசை அடுக்கில் முளைக்கிறது. உள்ளே இருந்து பார்ப்பவருக்கு வழுவழுப்பான ஒரு மேடு தெரியலாம். கட்டி சுவருக்கு வெளியே, வயிற்றறையை நோக்கி வளர்ந்தால் அந்த மேடும் தெரியாது. மேட்டின் மீது கிள்ளினால் கிடைப்பது நலமான சளிச்சவ்வு. அறிக்கையும் அதைத்தான் சொல்லும். அறிக்கையில் பிழையில்லை. துணுக்கு எடுத்த இடத்தில்தான் நோய் இல்லை. கட்டி பெரிதாகி, மேலிருக்கும் சவ்வு புண்ணாகிக் கிழியும்போதுதான் ரத்தம் கசிகிறது.

இதற்கான கருவி, நுனியில் ஒலி அலைக் கருவி பொருத்தப்பட்ட எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட். இது சுவரை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டுகிறது. மேடு நான்காவது அடுக்கான தசையிலிருந்து எழுகிறதா, கொழுப்புக் கட்டியைப் போல நடு அடுக்கில் இருக்கிறதா, அல்லது அருகிலுள்ள உறுப்பு வெளியிலிருந்து அழுத்துகிறதா என்பது இதில் தெளிவாகிவிடும். தேவைப்பட்டால் அதன் வழியாகவே ஊசி செலுத்தித் திசு எடுக்கலாம்.

சிறுகுடலின் கதை வேறு. மேலிருந்து செல்லும் எண்டோஸ்கோபி முன்சிறுகுடலோடு நின்றுவிடுகிறது. கீழிருந்து செல்லும் கொலோனோஸ்கோபி சிறுகுடலின் கடைசிச் சில சென்டிமீட்டர்களை எட்டிப் பார்த்துத் திரும்புகிறது. நடுவே பல மீட்டர் நீளத்துக்கு எந்தக் குழாயும் எளிதில் நுழையாத பகுதி. இரண்டு சோதனைகளும் 'இயல்பு' என்று வந்த பிறகும் ரத்த இழப்பு தொடர்ந்தால், மாத்திரை வடிவக் கேமராவை விழுங்கச் செய்யும் கேப்ஸ்யூல் எண்டோஸ்கோபி, குடலை நீரால் விரித்து எடுக்கப்படும் சிடி என்டரோகிராபி, பலூன் உதவியுடன் குடலுக்குள் முன்னேறும் என்டரோஸ்கோபி ஆகியவை அடுத்த படிகள். குடலில் அடைப்பு இருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் முதலில் சிடி ஸ்கேன் எடுப்பதே முறை. குறுகிய இடத்தில் கேமரா மாத்திரை சிக்கிக்கொண்டால் அதை எடுக்கவே அறுவை சிகிச்சை தேவைப்படக்கூடும்.

இந்தியாவுக்கென ஒரு தனிச் சிக்கலும் உண்டு. குடல் காசநோய் இங்கு பரவலாக இருப்பதால், வயிற்றுவலி, எடை இழப்பு, குடல் சுவர் தடிப்பு ஆகியவை சேர்ந்து தென்பட்டால், திசு ஆதாரம் கிடைக்காத நிலையிலும் காசநோய் மருந்தைத் தொடங்கிப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. பல நேரங்களில் அது சரியான முடிவாகவும் அமைகிறது. ஆனால் மருந்து தொடங்கிச் சில மாதங்களில் தெளிவான முன்னேற்றம் தெரியாவிட்டால், மருந்தை நீட்டிப்பதற்கு முன் நோயறிதலை மறுபரிசீலனை செய்ய வேண்டும். லிம்போமா, ஜிஸ்ட், நியூரோஎண்டோகிரைன் கட்டி ஆகியவை காசநோய்ச் சிகிச்சையின் நிழலில் அமைதியாக வளர்ந்துகொண்டிருக்கக் கூடும்.

திசுப் பரிசோதனை எல்லோருக்கும் தேவையா?

ஸ்கேனில் ஜிஸ்ட் எனத் தெளிவாகத் தோன்றும், எளிதில் அகற்றக்கூடிய கட்டி என்றால், ஊசி போடாமல் நேரடியாக அறுவை சிகிச்சைக்குச் செல்வதுண்டு. இக்கட்டிகள் மென்மையானவை, உள்ளே ரத்தமும் சிதைந்த திசுவும் தேங்கியிருக்கும். வயிற்றின் வெளியிலிருந்து ஊசியைச் செலுத்தினால் கசிவு ஏற்படக்கூடும் என்ற அச்சமே இதற்குக் காரணம். அறுவைக்கு முன் மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்க வேண்டும், அல்லது நோய் ஏற்கெனவே பரவியிருக்கிறது என்றால், திசுப் பரிசோதனை கட்டாயம். எந்த நோய் என்று உறுதியாகத் தெரியாமல் மருந்தைத் தொடங்க முடியாது. அப்போது எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட் வழியாக, இரைப்பையின் உள்ளிருந்து ஊசி செலுத்துவதே விரும்பப்படுகிறது.

எடுத்த திசுவில் நோய்க்குறியியல் நிபுணர் தேடும் அடையாளங்கள் இரண்டு: 'சிடி117', 'டாக்-1' எனும் புரதங்கள். இவை சாயமேற்றுச் சோதனையில் தென்பட்டால் ஜிஸ்ட் என்பது ஏறக்குறைய உறுதி. அதோடு நிற்காமல் எந்த மரபணுவில், எந்தப் பகுதியில் பிறழ்வு என்பதையும் ஆராய வேண்டும். இது ஏட்டறிவுக்காகச் செய்யப்படும் கூடுதல் செலவு அல்ல. 'கிட்' மரபணுவின் 11ஆவது பகுதியில் பிறழ்வு இருந்தால் இமாட்டினிப் மாத்திரை மிக நன்றாக வேலை செய்யும். 9ஆவது பகுதியில் இருந்தால், நோய் பரவியவர்களுக்கு 400 மில்லிகிராமுக்குப் பதில் 800 மில்லிகிராம் வரை தேவைப்படலாம். பி.டி.ஜி.எஃப்.ஆர்.ஏ மரபணுவில் 'டி842வி' என்ற பிறழ்வு இருந்தால் அதே மாத்திரையால் பயனே இல்லை. அவர்களுக்கென 'அவாப்ரிட்டினிப்' என்ற வேறு மருந்து 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சோதிக்காமல் மாத்திரையைத் தொடங்கும் மருத்துவர் இருட்டில் குறி பார்க்கிறார் என்றே சொல்ல வேண்டும்.

அறுவை அரங்கில் நிகழ்வது என்ன?

பரவாத ஜிஸ்ட் கட்டியை முற்றிலுமாகக் குணப்படுத்தக்கூடிய ஒரே வழி அறுவை சிகிச்சை. புற்றுநோய் அறுவை என்றதும் உறுப்பை முழுவதும் எடுத்து, சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளையும் களைவார்கள் என்றே பலரும் எண்ணுகின்றனர். வழக்கமான இரைப்பைப் புற்றுநோயில் அது சரி. ஜிஸ்ட் பெரும்பாலும் நிணநீர் வழியாகப் பரவுவதில்லை. அது செல்லும் இடங்கள் கல்லீரலும், வயிற்றறையின் உட்சவ்வும். எனவே கட்டியையும் அதைச் சுற்றிச் சிறிதளவு நலமான திசுவையும் ஆப்பு வடிவில் வெட்டியெடுத்து, இரைப்பையைத் தைத்துவிட்டால் பல நோயாளிகளுக்குப் போதுமானது. விதிவிலக்கு ஒன்று உண்டு. குழந்தைகளிடமும் இளம் பெண்களிடமும் காணப்படும் 'எஸ்.டி.எச்' குறைபாடுள்ள வகை நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவக்கூடியது.

இந்த அறுவையில் மீறக் கூடாத விதி ஒன்று இருக்கிறது. கட்டி உடையக் கூடாது. மெல்லிய போலி உறை ஒன்று கட்டியைப் போர்த்தியிருக்கிறது. இடுக்கியால் இறுகப் பிடித்து இழுத்தாலும், துண்டு துண்டாக எடுத்தாலும், அந்த உறை கிழிந்து செல்கள் வயிற்றறையெங்கும் சிதறும். அதன் பிறகு கட்டியின் அளவு எவ்வளவு சிறிதாக இருந்திருந்தாலும், நோய் திரும்பும் அபாயம் மிக அதிகம் என்றே கணக்கிடப்படும். ஆகவே லேப்ராஸ்கோபி முறையில் செய்யும்போது, கட்டியைத் தொடாமல் அதைச் சுற்றியுள்ள இரைப்பைச் சுவரைப் பிடித்து உயர்த்தி, ஸ்டேப்ளர் கொண்டு வெட்டி, நெகிழிப் பைக்குள் இட்டு, முழுதாக வெளியே எடுக்கின்றனர். இரைப்பையின் முன்சுவரிலோ பெருவளைவிலோ உள்ள சிறிய, நடுத்தர அளவுக் கட்டிகளுக்கு இம்முறை நன்கு பொருந்தும். பெரிய கட்டி என்றால் வயிற்றைத் திறந்து செய்வதே பாதுகாப்பு. தழும்பு சிறிதாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கட்டியை உடைக்கும் ஆபத்தை ஏற்பது சரியான பேரமன்று.

இடம் மாறினால் கணக்கும் மாறுகிறது. உணவுக்குழாய் இரைப்பையுடன் சேரும் வாய், முன்சிறுகுடல், மலக்குடல் ஆகிய மூன்று இடங்களில் சிறிய கட்டிகூடப் பெரிய அறுவையில் கொண்டுபோய் விடலாம். மலக்குடலின் கீழ்ப்பகுதியில் உள்ள கட்டியை உடனே அகற்ற முற்பட்டால், ஆசனவாயின் சுருக்குத்தசையும் போய், நோயாளி வாழ்நாள் முழுதும் வயிற்றில் பையுடன் இருக்க நேரிடும். இத்தகையோருக்கு முதலில் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்கள் இமாட்டினிப் கொடுத்து, கட்டி சுருங்கிய பின் அறுவை செய்கின்றனர். உறுப்பும் அதன் பணியும் காப்பாற்றப்படுகின்றன.

அந்த மாதங்களில் எடுக்கப்படும் ஸ்கேனைப் படிப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் கட்டி உடனே சுருங்காமல், உள்ளே நீர்த்துப்போய், சில வேளைகளில் சற்றுப் பெரிதாகவும் தெரியும். அளவை மட்டும் பார்த்து 'மருந்து பலிக்கவில்லை' என்று எழுதப்பட்ட அறிக்கையால் நல்ல மருந்து நிறுத்தப்படக்கூடும். அடர்த்தி குறைந்திருக்கிறதா என்பதையும் கதிரியக்க நிபுணர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இரைப்பையில் தற்செயலாகத் தென்படும் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான கட்டியை, ஐயத்துக்குரிய அறிகுறிகள் இல்லாவிட்டால், குறிப்பிட்ட இடைவெளியில் அல்ட்ராசவுண்ட் மூலம் கண்காணித்தாலே போதும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

அளவு ஒன்று, ஆபத்து வேறு:

'சாதாரணக் கட்டியா, புற்றுநோயா?' என்பதே அறுவைக்குப் பின் குடும்பத்தினர் கேட்கும் முதல் கேள்வி. ஜிஸ்ட் நோயில் அதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் இல்லை. கட்டியின் அளவு, செல்கள் பிரியும் வேகம், தோன்றிய இடம், உடைந்ததா இல்லையா என்ற நான்கையும் வைத்து, நோய் திரும்பும் வாய்ப்பு எவ்வளவு என்றே கணிக்கின்றனர். இடத்தின் வலிமையைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டு: 5 முதல் 10 சென்டிமீட்டர் வரையிலான, செல் பிரிதல் மெதுவாக உள்ள கட்டி இரைப்பையில் இருந்தால், நோய் முற்றும் வாய்ப்பு 4 விழுக்காட்டுக்கும் குறைவு. அதே கட்டி சிறுகுடலில் இருந்தால் ஏறத்தாழ 24 விழுக்காடு. அமெரிக்க ராணுவ நோய்க்குறியியல் நிலையத்தின் நீண்டகாலத் தொகுப்பிலிருந்து கிடைத்த இந்தக் கணக்கு இன்றும் மருத்துவர்களின் மேசையில் இருக்கிறது.

அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு அறுவைக்குப் பின் மூன்று ஆண்டுகள் இமாட்டினிப் பரிந்துரைக்கப்படுகிறது. ஓராண்டு போதுமா, மூன்றாண்டு வேண்டுமா என்று வட ஐரோப்பிய நாடுகளும் ஜெர்மனியும் இணைந்து நடத்திய ஆய்வின் முடிவு 2012இல் வெளியானது. மூன்றாண்டு மருந்து உட்கொண்டவர்களில் 92 விழுக்காட்டினர் ஐந்தாண்டுக்குப் பிறகும் உயிருடன் இருந்தனர். ஓராண்டு உட்கொண்டவர்களில் அது 81.7 விழுக்காடு.

சென்னையில் தொடங்கிய காப்புரிமை வழக்கு:

இமாட்டினிப் வருவதற்கு முன், பரவிய ஜிஸ்ட் நோய்க்கு மருந்தென்று எதுவும் இல்லை. வழக்கமான கீமோதெரபிக்கு இக்கட்டிகள் அசைந்து கொடுப்பதில்லை. ரத்தப் புற்றுநோய் ஒன்றுக்காக உருவாக்கப்பட்ட இந்த மாத்திரையை, 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் பின்லாந்தில் ஒரு பெண் நோயாளிக்கு முதன்முதலாகக் கொடுத்துப் பார்த்தபோது, சில வாரங்களிலேயே ஸ்கேனில் கட்டிகளின் செயல்பாடு அடங்கிப் போயிருந்தது. இரண்டே ஆண்டுகளில், 2002 பிப்ரவரியில், ஜிஸ்ட் நோய்க்கான மருந்தாக அமெரிக்கா இதற்கு அனுமதி வழங்கியது. பரவிய நோயில் ஒன்றரை ஆண்டு அளவில் இருந்த சராசரி ஆயுள், ஏறத்தாழ ஐந்து ஆண்டாக உயர்ந்தது.

ஆனால் விலை? சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் 'கிளிவெக்' மாத்திரை மாதத்துக்கு ஏறத்தாழ 1.2 லட்சம் ரூபாய். இந்திய நிறுவனங்கள் தயாரித்த அதே மருந்து 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கிடைத்தது. மருந்தின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கோரி நோவார்ட்டிஸ் அளித்த விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் நிராகரித்தது. ஏற்கெனவே அறியப்பட்ட மருந்தைச் சற்றே மாற்றியமைத்து, பலனில் உயர்வு காட்டாமல் புதிய காப்புரிமை பெற முடியாது என்று சொல்லும் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவே செல்லாது என்ற வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. காப்புரிமை மறுக்கப்பட்டது சரியே என்று 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பளித்தது. மும்பையின் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் இவ்வழக்கில் ஒரு தரப்பு. மூன்றாண்டு, சிலருக்கு வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டிய மருந்து இது என்பதை நினைத்தால், அந்தத் தீர்ப்பின் எடை புரியும். உலக சுகாதார அமைப்பு 2015இல் இமாட்டினிப்பைத் தன் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

மாத்திரையை உணவுடன், நிறைய நீருடன் உட்கொள்ள வேண்டும். கண்ணைச் சுற்றி வீக்கம், தசைப்பிடிப்பு, வயிற்றுப்போக்கு ஆகியவை வழக்கமாகத் தோன்றும் பக்க விளைவுகள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மருந்து, ரத்தத்தில் இமாட்டினிப்பின் அளவை வெகுவாகக் குறைத்துவிடும். இரண்டு நோய்க்கும் ஒருசேரச் சிகிச்சை பெறுவோர் இரு மருத்துவர்களிடமும் இதை மறவாமல் சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் இம்மருந்து கூடாது.

நியூரோஎண்டோகிரைன் கட்டிகள், இன்னொரு முகமூடி:

நடிகர் இர்ஃபான் கான் தமக்கு நியூரோஎண்டோகிரைன் கட்டி இருப்பதாக 2018 மார்ச்சில் அறிவித்தபோதுதான் இந்தியாவில் பலர் அந்தப் பெயரையே கேள்விப்பட்டனர். 'நியூரோ' என்ற சொல்லைக் கேட்டு மூளைக் கட்டி என்று வதந்தி பரவ, அச்சொல் எப்போதும் மூளையைக் குறிப்பதல்ல என்று அவரே விளக்க நேர்ந்தது. 2020 ஏப்ரல் 29 அன்று, 53ஆவது வயதில் அவர் காலமானார். ஆப்பிள் நிறுவனர் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு இருந்ததும் வழக்கமான கணையப் புற்றுநோய் அல்ல, இவ்வகைக் கட்டியே.

ஹார்மோன்களைச் சுரக்கும் செல்களில் தோன்றும் இக்கட்டிகள் சிறுகுடல், குடல்வால், மலக்குடல், கணையம் ஆகியவற்றில் அதிகம். பல ஆண்டுகள் ஓசையின்றி வளரும். கல்லீரலுக்குப் பரவி, சுரப்புகள் நேரடியாக ரத்தத்தில் கலக்கும்போது முகம் திடீரெனச் சிவந்து சூடாவதும், தண்ணீராய்ப் போகும் வயிற்றுப்போக்கும் வரக்கூடும். மாதவிடாய் நிற்கும் வயதுப் பெண்ணுக்கு முதல் அறிகுறியையும், அலுவலக நெருக்கடியில் இருப்பவருக்கு இரண்டாவதையும் வேறு காரணங்களில் கழித்துவிடுவது எளிது. கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் 'இன்சுலினோமா' இன்னும் ஏமாற்றக்கூடியது. விடியற்காலையில் குழப்பமான பேச்சு, வலிப்பு, மயக்கம் எனத் தோன்றி, நோயாளியை நரம்பியல் அல்லது மனநல மருத்துவரிடம் ஆண்டுக்கணக்கில் அலைய வைக்கும். அந்நேரத்தில் ஒரு துளி ரத்தத்தில் சர்க்கரையைச் சோதித்திருந்தால் புதிர் அவிழ்ந்திருக்கும். இவற்றில் பத்தில் ஒன்பது தீங்கற்றவை. கட்டியை மட்டும் தோண்டியெடுத்தால் நோயாளி முழுக் குணமடைகிறார்.

ரத்தத்தில் பார்க்கப்படும் 'குரோமோகிரானின் ஏ' சோதனையை எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும். வாயுத்தொல்லைக்கென்று மருந்துக்கடையில் தாமே வாங்கி உண்ணும் பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற மாத்திரைகள் அந்த அளவைப் பொய்யாக உயர்த்திவிடும். 24 மணி நேரச் சிறுநீரில் செய்யப்படும் '5-எச்.ஐ.ஏ.ஏ' சோதனைக்கு முன் வாழைப்பழம், அன்னாசி, தக்காளி ஆகியவற்றைத் தவிர்க்காவிட்டால் அதுவும் தவறாகக் காட்டும். நோயின் பரவலைத் துல்லியமாகக் காட்டுவது 'கேலியம்-68 டோட்டா' பெட் ஸ்கேன். கட்டியின் வேகத்தைச் சொல்வது திசுவில் பார்க்கப்படும் 'கி-67' குறியீடு: 3 விழுக்காட்டுக்குக் கீழ் முதல் நிலை, 20 வரை இரண்டாம் நிலை, அதற்கு மேல் மூன்றாம் நிலை.

அப்பெண்டிக்ஸ் என நாம் சொல்லும் குடல்வாலை வலிக்காக அகற்றிய சில நாள்களுக்குப் பிறகு வரும் அறிக்கையில்தான் இக்கட்டி பலருக்குத் தெரியவருகிறது. அறிக்கையை வாங்காமலேயே விட்டுவிடுவோரும் உண்டு. அது ஆபத்தான சோம்பல். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான கட்டி எனில் செய்த அறுவையே போதும். இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால் பெருங்குடலின் வலப்பகுதியையும் அகற்றுவது வழக்கம். இடைப்பட்ட அளவில் என்ன செய்வது என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் விவாதம் நடக்கிறது. சிறுகுடலில் ஒரு கட்டி தென்பட்டால் வேறு சிலவும் மறைந்திருக்க வாய்ப்புண்டு. எனவே அறுவை மருத்துவர் குடல் முழுவதையும் விரல்களுக்கிடையே வைத்துத் தடவிப் பார்ப்பது அவசியம். மயக்க மருந்தோ, கட்டியைத் தொடுவதோ ஹார்மோன் வெள்ளத்தைத் தூண்டி ரத்த அழுத்தத்தைக் கவிழ்த்துவிடும் என்பதால், ஆக்ட்ரியோடைடு மருந்துடன் மயக்கவியல் நிபுணர் தயாராக இருக்க வேண்டும்.

அறுவைக்கு எட்டாத நிலையிலும் வழி அடைபடுவதில்லை. கட்டியின் ஏற்பிகளைத் தேடிச் சென்று ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறில் லுட்டீசியம்-177 என்ற கதிரியக்கத் தனிமத்தைப் பிணைத்து நரம்பில் செலுத்தும் சிகிச்சை, நோயின் வளர்ச்சியை நீண்டகாலம் தடுத்து நிறுத்துவதாக 2017இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. பொதுவாக எட்டு வார இடைவெளியில் நான்கு முறை. இந்த லுட்டீசியத்தை மும்பை டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துருவா அணு உலையில் இந்தியாவே உற்பத்தி செய்கிறது.

நோயாளிகள் கையில் வைத்திருக்க வேண்டியவை:

அரிய கட்டி என்று அறிக்கை வந்தால், அறுவைக்கு முன் குறைந்தது ஒரு முறையாவது, அறுவை மருத்துவர், புற்றுநோய் மருத்துவர், கதிரியக்க நிபுணர், நோய்க்குறியியல் நிபுணர் ஆகியோர் கூடி முடிவெடுக்கும் மருத்துவமனையில் கருத்துக் கேட்பது நல்லது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் போன்ற நிறுவனங்களும், தேசிய புற்றுநோய்க் கட்டமைப்பில் இணைந்துள்ள பல மருத்துவமனைகளும் இத்தகைய குழுக்களைக் கொண்டவை. அங்கே செல்லும்போது அறிக்கைத் தாள் மட்டும் போதாது. திசு பதிக்கப்பட்ட மெழுகுக் கட்டிகளையும் கண்ணாடிச் சில்லுகளையும் முதல் மருத்துவமனையிலிருந்து கேட்டு வாங்கிச் செல்ல வேண்டும். மறுபரிசோதனையும் மரபணுச் சோதனையும் அவற்றில்தான் நடக்கும். ஸ்கேன் படங்களைப் பிலிமாக மட்டுமன்றிக் குறுந்தகடாகவும் பெற்றுக்கொள்வது உதவும். தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கும் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் எந்தெந்தச் சிகிச்சை அடங்கும் என்பதை, மருத்துவமனையில் சேர்வதற்கு முன்பே அங்குள்ள திட்ட உதவி மையத்தில் கேட்டறிந்துகொள்ளலாம்.

ஜிஸ்ட் கட்டி அகற்றப்பட்டு, அபாயம் அதிகம் எனக் கணிக்கப்பட்டவர்களுக்குச் சில மாதங்களுக்கு ஒரு முறை வயிற்றுக்கு சிடி ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பது வழக்கம். மூன்றாண்டு மாத்திரை முடிந்த முதல் இரண்டு ஆண்டுகளில் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதலாக இருப்பதால், மருந்து நின்றதும் ஸ்கேனையும் நிறுத்திவிடாமல், அந்த இரண்டு ஆண்டுகள் இடைவெளியைக் குறைத்து மூன்று நான்கு மாதங்களுக்கு ஒரு முறை எடுக்குமாறு மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர்.